உபவாசமும் ஜெபமும்: முதல்முறை இருப்பவருக்கு

உபவாசம் இருக்கலாம் என்று முடிவு செய்தவர் முதலில் கேட்பதெல்லாம் வயிற்றைப் பற்றிய கேள்விகளாகத்தான் இருக்கும். எத்தனை மணி நேரம்? தண்ணீர் குடிக்கலாமா? காபி சேருமா? மாத்திரை போட்டால் முறிந்துவிடுமா? இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு, கீழே வருகிறது. ஆனால் அதிகம் பேர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: சாப்பிடாமல் விட்ட அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது? அதற்கு விடை இல்லாமல் தொடங்கினால், அன்று நடப்பது ஒரு வேளைச் சாப்பாடு தவறியது மட்டும்தான்.

கிறிஸ்தவ உபவாசத்தைச் சுருக்கமாகச் சொன்னால், தேவனைத் தேடுவதற்காகக் குறித்த காலம்வரை உணவை மனமறிந்து விலக்கி வைப்பது. ‘தேவனைத் தேடுவதற்காக’, ‘குறித்த காலம்’, ‘மனமறிந்து’ ஆகிய மூன்றில் எது விடுபட்டாலும் அது வேறொன்றாகிவிடும். எடை குறைக்கப் பட்டினி இருப்பது தவறில்லை, ஆனால் அது உணவுக் கட்டுப்பாடு. வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்துவிட்டு, ‘சரி, இதையே உபவாசமாக வைத்துக்கொள்வோம்’ என்று மாலையில் தேவனுக்குக் கணக்கு எழுதுவது வெறும் சமாளிப்பு.

‘உபவாசம்’ என்ற சொல்லுக்கு ‘அருகில் வசித்தல்’ என்று பொருள். கத்தோலிக்கர் அதிகம் சொல்லும் ‘நோன்பு’ தாங்குதல், பொறுத்தல் என்ற வேரிலிருந்து வருவது. பழைய ஏற்பாடோ பாவநிவாரண நாளைப் பற்றிச் சொல்லும்போது (லேவியராகமம் 16:29) ‘ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்துதல்’ என்கிறது. அருகில் இருப்பது, தாங்குவது, தாழ்த்துவது என்று மூன்றும் ஒரே காரியத்தின் மூன்று முகங்கள். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தாங்குவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

வேதாகமத்தில் எதற்காக இருந்தார்கள்

புதிய ஏற்பாட்டில் ‘வாரத்துக்கு இத்தனை நாள் உபவாசியுங்கள்’ என்ற கட்டளை எங்கும் இல்லை. அதற்காக அது வேண்டாத பழக்கமும் ஆகிவிடவில்லை. மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் இயேசு ஒரே வரிசையில் வைத்து, ‘நீங்கள் உபவாசிக்கும்போது’ என்றே பேச்சைத் தொடங்குகிறார். மணவாளன் தங்களைவிட்டு எடுபடும் நாட்கள் வரும், அப்போது உபவாசிப்பார்கள் என்று தம் சீடரைப் பற்றிச் சொன்னதும் அவரே (மத்தேயு 9:15). முன்குறிப்பிட்ட பகுதியில் அவர் திருத்தியது உபவாசத்தை அல்ல, அதை ஊர் பார்க்க நடத்துவதை.

எதற்காக இருந்தார்கள் என்று பார்த்தால் காரணங்கள் பலவகை. எஸ்றா, மக்களையும் குழந்தைகளையும் உடைமைகளையும் கூட்டிக்கொண்டு எருசலேமுக்குப் புறப்படும் முன் அகாவா நதியோரத்தில் உபவாசம் கூறினார். காரணம் மிக நடைமுறையானது. ‘எங்கள் தேவன் காப்பார்’ என்று ராஜாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். அதன்பிறகு வழித்துணைக்குக் குதிரைவீரரைக் கேட்க வெட்கமாகிவிட்டது (எஸ்றா 8:21-23). நினிவே மக்கள் மனந்திரும்புதலுக்காக இருந்தார்கள். அந்தியோகியா சபையார் பர்னபாவையும் சவுலையும் (பவுலின் இன்னொரு பெயர்) ஊழியத்துக்கு அனுப்பும் முன் இருந்தார்கள் (அப்போஸ்தலர் 13:2-3). ஆலயத்தில் எண்பத்துநான்கு வயதைக் கண்ட அன்னாளுக்கோ தனிக் காரணம் எதையும் லூக்கா சொல்லவில்லை. உபவாசமும் ஜெபமும் அவளுடைய அன்றாட ஆராதனையாகவே இருந்தன.

‘இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி’ புறப்படாது என்ற வசனத்தைப் பலரும் உபவாசத்துக்கு முதல் ஆதாரமாகக் காட்டுவார்கள். மத்தேயு 17:21 மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. மாற்கு 9:29-இல் அவற்றில் ‘ஜெபம்’ மட்டுமே இருக்கிறது. அதனால்தான் புதிய மொழிபெயர்ப்புகள் சில இதை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகின்றன. உபவாசத்தின் மேல் நம்பிக்கை வைக்க இந்த ஒரு வசனம் தேவையில்லை, மற்ற ஆதாரங்களே தாராளம். ஆனால் உபவாசத்தை ஒரு கூடுதல் சக்தியாக, ஜெபத்தின் வேகத்தை ஏற்றும் கருவியாக நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வசனத்தின் மேல்தான் கட்டுகிறார்கள். அஸ்திவாரம் அவ்வளவு உறுதியானதல்ல என்று தெரிந்திருப்பது நல்லது.

இது நெம்புகோல் இல்லை

தாவீதின் கதையை உபவாசம் தொடங்கும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள் (2 சாமுவேல் 12:15-23). பத்சேபாளிடம் பிறந்த குழந்தைக்கு நோய். தாவீது தரையில் கிடந்து உபவாசிக்கிறார். ஏழாம் நாளில் குழந்தை இறந்துவிடுகிறது. இனி இவர் என்ன செய்துகொள்வாரோ என்று வேலைக்காரர் பயந்து நிற்க, அவரோ எழுந்து குளித்து, எண்ணெய் பூசி, உடை மாற்றி, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்கிறார். கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் உபவாசம் வீணாகிவிட்டதாக அவர் நடந்துகொள்ளவில்லை. ஏழு நாள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாரோ அவரிடமே முதலில் போகிறார்.

‘மூன்று நாள் இருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்ற சலிப்பு பேரம் பேசிய மனத்திலிருந்து வருவது. பேரம் படியாவிட்டால் அடுத்தமுறை ஏழு நாள், அதற்கடுத்து இருபத்தொரு நாள் என்று விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். தேவனுடைய மனதை மாற்றப் பட்டினியால் அழுத்தம் கொடுக்கும் வேலை அது. உபவாசம் நம்மைத்தான் அமைதிப்படுத்துகிறது, கேட்கிற இடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

உபவாசம் தன்னளவில் பரிசுத்தமான காரியம் என்ற எண்ணத்தையும் வேதாகமமே உடைக்கிறது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறிக்க ராணி யேசபேல் முதலில் செய்தது ஊரில் உபவாசம் அறிவித்ததுதான் (1 இராஜாக்கள் 21). பவுலைக் கொல்லும்வரை சாப்பிடவும் மாட்டோம், குடிக்கவும் மாட்டோம் என்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் சபதம் செய்தார்கள் (அப்போஸ்தலர் 23:12). அந்தச் சபதம் எப்படி முடிந்தது என்று லூக்கா எழுதவில்லை. பவுல் என்னவோ உயிரோடு ரோமாபுரி போய்ச் சேர்ந்தார்.

ஏசாயா 58 இதையே நேரடியாகக் கேட்கிறது. உபவாச நாளில் வேலையாட்களை வாட்டுகிறீர்கள், வழக்காடிச் சண்டை போடுகிறீர்கள். இதுவா எனக்குப் பிரியமான உபவாசம்? அங்கே சொல்லப்படும் மாற்று, பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வது, வீடில்லாதவனைச் சேர்த்துக்கொள்வது. ரோமில் 2-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’ இதை ஒரு கணக்காகவே சொல்லிக்கொடுத்தது: அன்று நீ சாப்பிட்டிருக்கக்கூடிய உணவின் விலையை எண்ணிப் பார், அதை விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவனுக்கோ கொடு. இன்றும் இதைவிட எளிய வழி இல்லை. உபவாசத்தில் மிஞ்சிய பணம் நம் பையிலேயே தங்கிவிட்டால் அதற்குப் பெயர் சிக்கனம்.

வகைகள்

தண்ணீர் மட்டும் குடித்து உணவை விடுவது சாதாரண உபவாசம். வனாந்தரத்தில் நாற்பது நாளுக்குப் பின் இயேசுவுக்குப் பசி உண்டானதாகவே எழுதியிருக்கிறது, தாகத்தைப் பற்றிப் பேச்சில்லை. அதனால் அவர் தண்ணீர் குடித்திருப்பார் என்று கருதுவோர் பலர். உணவின் ஒரு பகுதியை விடுவது இன்னொரு வகை: தானியேல் மூன்று வாரம் ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம் மூன்றையும் தொடவில்லை (தானியேல் 10:2-3). முதல் அதிகாரத்தில் வரும் பத்து நாள் பருப்புவகையும் தண்ணீரும் என்பது உண்மையில் உபவாசமே அல்ல, ராஜாவின் பந்தியால் தீட்டுப்படாதிருக்க எடுத்த முடிவு. இன்று ‘தானியேல் உபவாசம்’ என்று சொல்லப்படுவது இவ்விரண்டையும் கலந்து செய்தது. மூன்றாவது வகை தண்ணீரும் இல்லாதது. எஸ்தர் மூன்று நாள் அப்படி இருந்தாள், ஒரு இனமே அழிய இருந்த நேரத்தில். புதியவர் இதைத் தொடவே வேண்டாம். உணவில்லாமல் உடல் வாரக்கணக்கில் தாங்கும். தண்ணீரில்லாமல் சில நாட்கள்தான்.

சபைக்குச் சபை ஒழுங்கு வேறுபடும். கத்தோலிக்கத் திருச்சபையில் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு நாட்கள். 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும்வரை உள்ளவர்க்கு இது கடமை. ஒரு முழு உணவு கொள்ளலாம், கூடவே இரண்டு சிறு உணவுகள், அவை இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழு உணவு ஆகக்கூடாது. இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்ததிலிருந்து. நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பே உணவை நிறுத்த வேண்டும். தண்ணீரும் மருந்தும் விலக்கு. கீழைத் திருச்சபைகளில் புதனும் வெள்ளியும் ஆண்டின் பெரும்பகுதி நோன்பு நாட்கள், இறைச்சி மட்டுமல்லாமல் பால், முட்டையும் விலகும். சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் இது விருப்பத்துக்கு விடப்பட்டது. 1522-ஆம் ஆண்டு லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) சூரிச் நகர அச்சகர் ஒருவர் வீட்டில் சிலர் தொத்திறைச்சி சாப்பிட, அந்நகரின் சீர்திருத்தப் போதகர் சுவிங்லி அதற்கு ஆதரவாகப் பிரசங்கித்த விவகாரம் பேர்போனது. அவர் எதிர்த்தது நோன்பைக் கட்டாயமாக்கியதைத்தான், நோன்பை அல்ல. உங்கள் சபைக்கென ஒழுங்கு இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். தனியாக ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட அது எளிது, பெருமைக்கும் இடம் குறைவு.

கைபேசி உபவாசம், தொலைக்காட்சி உபவாசம் என்று இப்போது சொல்கிறார்கள். நல்ல பழக்கம்தான், உணவை விட முடியாதவர்களுக்குச் சரியான மாற்றும்கூட. ஆனால் உணவை விட முடிந்தவர் அதைத் தொடாமல் கைபேசியை மட்டும் ஓரம் வைத்துவிட்டு உபவாசம் என்பது கொஞ்சம் சலுகை எடுத்துக்கொள்வதுதான். பசி சொல்லித்தரும் பாடத்தை வேறொன்று அப்படியே சொல்லித்தராது.

யார் உணவை விடக்கூடாது

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், எடை மிகக் குறைந்தவர்கள், நோயிலிருந்து தேறி வருபவர்கள், உணவுக் கோளாறு முன்பு இருந்தவர்கள் உணவை விட வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவருக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை எடுப்பவருக்கு நேர்வது வேறு சிக்கல்: சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். சிறுநீரக நோய், வலிப்பு நோய், இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருப்பது விசுவாசம் ஆகாது. மாத்திரை போட்டால் உபவாசம் முறியுமா என்ற கேள்விக்கும் இதுவே பதில்: முறியாது, போடுங்கள். சாப்பிட்டபின் போட வேண்டிய மாத்திரை என்றால் அந்தச் சிறு உணவைச் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

இவர்கள் எல்லாருக்கும் பகுதி உபவாசம் திறந்தே இருக்கிறது. ருசிக்காக மட்டும் சாப்பிடும் ஒன்றை விடலாம், வேளைக்கு நடுவே கொறிப்பதை நிறுத்தலாம், அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கலாம்.

முதல் உபவாசம்

ஆரோக்கியமானவர் முதலில் ஒரே ஒரு வேளையை விடட்டும். இரண்டு மூன்று வாரம் அப்படி இருந்து பழகியபின் ஒரு நாள் உபவாசத்துக்குப் போகலாம். ஒரு நாள் என்றால் மாலை முதல் மாலை வரை என்று வைத்துக்கொள்வது வசதி: இன்று இரவு உணவு முடிந்தது முதல் நாளை இரவு உணவு வரை. காலை, மதியம் என்று இரண்டு வேளைதான் விடுபடும். வேதாகம நாட்கணக்கும் சாயங்காலத்தில் தொடங்குவதுதான். நாற்பது நாளிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அப்படித் தொடங்குவோர் பலர் மூன்றாம் நாளில் விட்டுவிட்டு, வருடக்கணக்கில் உபவாசத்தின் பக்கமே வருவதில்லை.

முந்தைய வாரத்திலேயே நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: எதற்காக இருக்கிறேன், எப்போது தொடங்கி எப்போது முடிப்பேன், எதை விடுகிறேன், விட்ட வேளைகளில் எங்கே உட்காருவேன். கடைசியை மறந்துவிடாதீர்கள். இடம் முடிவாகவில்லை என்றால் மதியம் ஒரு மணிக்கு அலுவலகத்தில் எங்கே போவது என்று தெரியாமல் மேசையிலேயே வேலையைத் தொடர்வீர்கள். காரணத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். ‘ஆவிக்குரிய வளர்ச்சிக்காக’ என்பது மங்கலான காரணம். ‘என் தம்பியோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை, அதில் என் பங்கு எது என்று தெரியவேண்டும்’ என்பது காரணம்.

காபி, தேநீர் அதிகம் குடிப்பவர் அதை நான்கைந்து நாள் முன்பிருந்தே பாதியாக, கால்வாசியாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். உபவாசத் தலைவலி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பசியால் வருவதல்ல, காஃபின் நின்றதால் வருவது. கடைசிக் கோப்பைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். குறைக்க மறந்துவிட்டால், சர்க்கரையும் பாலும் சேர்க்காத ஒரு சிறு கோப்பை குடித்துவிட்டு ஜெபிப்பது, தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதைவிட மேல். முந்தைய இரவு ‘நாளைக்கும் சேர்த்து’ என்று ஒரு பிடி பிடிப்பவர்களும் உண்டு. அதனால் பசி தள்ளிப்போகாது. கனத்த வயிறும் காலையில் கூடுதல் தாகமும்தான் மிச்சம். வழக்கமான அளவே போதும், உப்பும் காரமும் கொஞ்சம் குறைவாக.

வீட்டில் சமைப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தரங்கத்தில் உபவாசி என்றாரே, சொல்லலாமா என்று தயங்குவோர் உண்டு. இயேசு கண்டித்தது பார்வைக்காக முகத்தை வாட வைப்பதை. சமைத்த உணவு வீணாகும்படி மௌனம் காப்பதையோ, ‘வயிறு சரியில்லை’ என்று பொய் சொல்வதையோ அவர் கேட்கவில்லை. கேட்டால் ‘இன்று உபவாசம்’ என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்ளுங்கள். அன்று வழக்கம்போல் குளித்து, தலை வாரி, நல்ல உடையில் இருங்கள். எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்பதற்கு இன்றைய பொருள் அவ்வளவுதான். கணவனும் மனைவியும் நெடுநாள் உபவாசத்துக்காகத் தாம்பத்தியத்திலிருந்து விலகுவதாக இருந்தால் இருவரும் சம்மதித்து, கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்று பவுல் சொல்கிறார் (1 கொரிந்தியர் 7:5).

மதியம் ஒரு மணி

உங்களுக்கு மதியம் ஒரு மணி சாப்பாட்டு நேரம் என்றால் சரியாக அந்த நேரத்தில் பசி எழும். வழக்கமான நேரங்களில் உடலில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு ஏறும். சாப்பிடாவிட்டாலும் பிறகு தானாக இறங்கும். பசி அலைபோல வந்து போவது அதனால்தான். ஏறிக்கொண்டே போய் நம்மைக் கவிழ்த்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. அந்த அலைதான் ஜெபத்துக்கு அடிக்கிற மணி.

நாற்பது நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமம் தாள் புத்தகமாக இருந்தால் நல்லது. முதல் ஐந்து நிமிடம் பேச வேண்டாம். மனம் ஓடும், ஓடட்டும். பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் வைத்து, நினைவுக்கு வரும் வேலைகளை (மின்கட்டணம், அனுப்பாத மின்னஞ்சல்) ஒவ்வொரு சொல்லாகக் குறித்துவிட்டுத் திரும்புங்கள். எழுதி வைத்ததை மனம் விட்டுவிடும், எழுதாததைச் சுற்றிச் சுற்றி வரும்.

அடுத்த பத்து நிமிடம் ஒரே பகுதியை மெதுவாக, வாய்விட்டு, இரண்டுமுறை வாசியுங்கள். சங்கீதம் 51, 63, 130, யோவேல் 2:12-13 எல்லாம் பொருந்தும். பாராட்டுக்காகவோ அதிகாரக் கணக்குக்காகவோ நிறைய வாசிக்க வேண்டாம். எந்த வரி உறைக்கிறதோ அதில் நின்றுவிடுங்கள்.

பிறகு ஜெபம். என்ன சொல்வதென்று தெரியாதவர்க்கு நெகேமியா 1:5-11 நல்ல அச்சு. எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்டு நெகேமியா உட்கார்ந்து அழுது, உபவாசித்து ஜெபித்த ஜெபம் அது. ஐந்தாம் வசனத்தில் தேவன் யார் என்று சொல்கிறார். ஆறு, ஏழில் பாவ அறிக்கை. அதில் ‘அவர்கள்’ என்று விரல் நீட்டாமல் ‘நானும் என் தகப்பன் வீட்டாரும்’ என்கிறார். எட்டு முதல் பத்துவரை தேவன் மோசேயிடம் சொன்ன வாக்கை அவருக்கே நினைவூட்டுகிறார். விண்ணப்பம் வருவது கடைசியாக, பதினோராம் வசனத்தில், அதுவும் ஒரே ஒரு காரியம்: இந்த மனிதனுக்கு முன்பாக எனக்கு இரக்கம் கிடைக்கட்டும். ‘இந்த மனிதன்’ அவர் பானம் ஊற்றிக் கொடுத்த ராஜா. ஏழு வசனத்தில் ஆறு முடிந்தபிறகுதான் தேவைக்கு வருகிறார்.

தம்பியோடு பேச்சில்லாதவர் இந்த அச்சில் ஜெபித்தால் எப்படி இருக்கும்? ‘நீர் முதலில் என்னைத் தேடி வந்தவர்’ என்று தொடங்கலாம். ‘அன்று நான் சொன்ன அந்த வார்த்தை அவனைக் குத்த வேண்டும் என்றே சொன்னது’ என்பது அறிக்கை. பெயரில்லாத பொதுப் பாவங்களை அடுக்காமல் நடந்ததை நடந்தபடி சொல்வது முக்கியம். ‘சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்றீரே’ என்பது வாக்கைப் பிடிப்பது. ‘இந்த ஞாயிறு நான் அழைக்கும்போது அவன் எடுக்கட்டும், எடுக்காவிட்டாலும் எனக்குக் கோபம் வராதிருக்கட்டும்’ என்பது விண்ணப்பம். இவ்வளவுக்கும் பதினைந்து நிமிடம் போதும். மீதமுள்ள பத்து நிமிடத்தை மற்றவர்களுக்காகக் கொடுங்கள். ஐந்து பெயர், ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். கடைசியில் நன்றி சொல்லி, மனதில் பட்டதைத் தேதியோடு ஓரிரு வரி எழுதி வைத்து எழுந்துவிடுங்கள்.

நெகேமியா ஜெபிக்கத் தொடங்கியது கிஸ்லேயு மாதம். ராஜா அவரைப் பார்த்து ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டது நிசான் மாதம். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம். ஒரு நாள் உபவாசத்தின் மறுநாள் காலையிலேயே பலனைத் தேடுகிறவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

எங்கே கெடும்

எரிச்சல்தான் முதல் ஆபத்து. மதியத்துக்குமேல் பிள்ளைகள் மீதும் உடன் வேலை செய்வோர் மீதும் சிடுசிடுப்பு வரும். ஏசாயா சொன்ன ‘வழக்கும் சண்டையும்’ அங்கேதான் நுழைகிறது. சிடுசிடுத்துவிட்டால் அப்போதே மன்னிப்புக் கேளுங்கள். பசி புதிதாக எதையும் உண்டாக்கவில்லை, வழக்கமாகச் சாப்பாடு மூடி வைத்திருந்ததைத் திறந்து காட்டிவிட்டது. அன்றைய பாவ அறிக்கைக்கான விஷயம் கையிலேயே கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்று பொருள். பகல் முழுக்கப் பரவலாக இரண்டு லிட்டராவது உள்ளே போகவேண்டும், வெயில் நாளில் கூடுதலாக. ஒரே மூச்சில் குடிப்பதால் பயனில்லை. வாய் நாற்றம் வந்தால் பல் துலக்குங்கள், அதில் தவறேதும் இல்லை. கைகால் குளிர்ந்தால் இன்னொரு சட்டை போதும். ஆனால் குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல், நெஞ்சு படபடப்பு, மயக்கம் வந்தால் உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட்டு உபவாசத்தை முடித்துவிடுங்கள். சரியாகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். பழைய ஏற்பாட்டு ராஜா சவுல் மாலைவரை யாரும் சாப்பிடக்கூடாது என்று படைவீரர்களுக்கு ஆணையிட்டுவிட்டார். அது தெரியாத யோனத்தான் கோல் நுனியில் தேனைத் தொட்டு வாயில் வைக்க, அவன் கண்கள் தெளிந்தன என்கிறது வேதம் (1 சாமுவேல் 14). மூடத்தனமான ஆணை என்று அந்த அதிகாரமே காட்டிக்கொடுக்கிறது.

கை மறந்து ஏதாவது வாயில் போட்டுவிட்டால்? விழுங்கியதை விட்டுத்தள்ளி அங்கிருந்து தொடருங்கள். ‘கெட்டுப்போச்சு’ என்று முழுச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டியதில்லை.

ஆபத்துகளிலேயே கண்ணுக்குத் தெரியாதது, நன்றாக நடந்த உபவாசம். வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன் என்று ஆலயத்தில் நின்று சொன்ன பரிசேயன் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே உபவாசித்தவன்தான் (லூக்கா 18:12). நாட்களை எண்ணத் தொடங்கி, சாப்பிடுகிறவர்களைப் பார்த்து மனதுக்குள் ஒரு மிதப்பு வந்தால், அடுத்த உபவாசத்தை யாருக்கும் தெரியாமல், குறைந்த நேரம் இருப்பது நல்ல மருந்து.

முடிக்கும் விதம்

முடிக்கும் நேரத்தையும் ஜெபத்தோடு முடியுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தட்டின்முன் உட்காராதீர்கள். ஒரு நாள் உபவாசத்துக்குப் பின் சாதாரண உணவே, வழக்கத்தில் பாதி அளவில், மெதுவாக. எண்ணெயும் காரமும் நிறைந்த விருந்தால் முடித்தால் இரவு முழுக்க வயிறு பேசும். இரண்டு மூன்று நாள் இருந்தவர் பழம், நீர்த்த உணவு என்று தொடங்கி அடுத்த நாள்தான் முழு உணவுக்குத் திரும்ப வேண்டும்.

ஐந்து நாளுக்குமேல் ஒன்றும் சாப்பிடாமலோ மிகக் குறைவாகச் சாப்பிட்டோ இருந்தவர் திடீரென்று வயிறார உண்பது உயிருக்கே ஆபத்தாகலாம். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயத் துடிப்பு தடுமாறுவது வரை போகும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் பட்டினி கிடந்து விடுவிக்கப்பட்ட கைதிகள் சாப்பிடத் தொடங்கியபின் இறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே நெடுநாள் உபவாசம் என்றால் தொடக்கத்திலிருந்தே மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். முடிப்பதும் அவர் சொல்கிற அளவில்தான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்குப் பழைய வழக்கம் ஒன்று கைகொடுக்கும். ஆதித்திருச்சபையின் கையேடான ‘திதாகே’ புதனும் வெள்ளியும் உபவாசிக்கச் சொல்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இளமையில் அவ்விரு நாட்களிலும் பிற்பகல் மூன்று மணிவரை சாப்பிடாமல் இருந்தவர். புதியவருக்கு வாரம் ஒரு நாள், இல்லாவிட்டால் மாதம் ஒரு நாள் போதும். நாளைக் குறித்துவிட்டுக் காரணமில்லாமல் மாற்றாதிருப்பது முக்கியம். அன்று கல்யாணமோ பண்டிகையோ வந்துவிட்டால் தயங்காமல் பந்தியில் உட்கார்ந்துவிட்டு, உபவாசத்தை மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் பழைய திருச்சபை அன்று உபவாசிப்பதில்லை. சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது.